பக்கத்து வீட்டுக் கை

அன்புள்ள அம்மா,

போன மாதம் உனக்கு வந்த கை நம் குட்டியுடையது இல்லை. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வரி வரை என் தைரியம் தாங்காது.

நீ அங்கே வேலைக்குப் போனதிலிருந்து மாதாமாதம் செய்வதுபோலத்தான் மாவும் உப்பும் பிசைந்து, உனக்கு அனுப்பத் தங்கச்சியின் கையை அதில் அழுத்தி அச்செடுத்தோம். மெல்லிய சூட்டில் மூன்று மணி நேரம் காய வேண்டியதை, விளையாடப் போகும் அவசரத்தில் ஓவன் சூட்டைக் கூட்டி அரை மணியில் முடிக்கப் பார்த்தேன். உப்பு மாவு பெயருக்கேற்ப உப்பிவிட்டது. ஐந்து விரலும் தவளைக் கால்! விழுந்து விழுந்து சிரித்தேன்.

"என் கையைச் சுட்டுட்டே! இனிமே தரமாட்டேன், போ!" என்று அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. பக்கத்து வீட்டு வாண்டுக்கு ஒரு சாக்லேட் கொடுத்துக் கையை வாங்கினேன். அதற்கு ஆறு வயது. நம்முடையதற்கு நாலு.

நீ கண்டுபிடித்துத் திட்டுவாய், சிரிக்கலாம் என்று காத்திருந்தேன். நீயோ போனில், "அதுக்குள்ள இவ்வளவு வளந்துட்டாளாடா? நான் ஒண்ணுமே பாக்கலையே" என்றாய். அது வேறு கை என்று அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும்.

நேற்று குட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். "சிரிக்க மாட்டியே?" என்று கேட்டுவிட்டுத்தான் கையைக் கொடுத்தாள். இதோடு வருகிறது. உன் உள்ளங்கையில் வைத்துப் பார். அவ்வளவு சின்னதுதான் அம்மா. நீ பயந்த அளவுக்கு அவள் இன்னும் வளரவில்லை.

உன் மூத்த வாலு