அண்ணன் இழைத்த கதவு

என் உசுரான அண்ணனுக்கு,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு என்னைப் பாப்பா என்று கூப்பிட ஆளில்லாமல் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னமும் போன் பக்கத்தில் போய் உட்காருகிறேன். உங்கள் சித்தியவான் வீட்டிலிருந்து இனி யார் கூப்பிடப் போகிறார்கள்? அதனால்தான் ஐந்தாம் வகுப்புத் தமிழை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். பிழை இருந்தால் சிரிக்காதீர்கள்.

சிலிபினில் இத்தனை வருஷம் இருந்த இந்த வீட்டை விட்டுப் போகப் போகிறேன் அண்ணே. என் பேத்தி திவ்யா, கட்டடத்துக்குப் படம் வரையும் படிப்புப் படித்தவள், நம் வம்சத்திலேயே முதல் ஆள், கோலாலம்பூரில் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாள். அவள் வீடு பதினெட்டாவது மாடி. நீங்கள் எனக்குச் சீராகக் கொடுத்த அலமாரி அங்கே லிப்டுக்குள் நுழையாது.

நினைவிருக்கிறதா? எஸ்டேட் வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பியபோது பங்களாவிலிருந்து உங்களுக்குக் கொடுத்தது. யானைக் கனம். கதவு இரண்டிலும் சதுரம் சதுரமாக மரக்கட்டைகள், ஒன்று மேடு, ஒன்று பள்ளம். தச்சன் வேலையை முடிக்காமல் போட்டுவிட்டான் என்றுதான் நம் லயத்து வீடுகளில் எல்லாரும் நினைத்தோம். அப்பா அம்மா இல்லாத தங்கச்சி, போகிற இடத்தில் யாரும் குறை சொல்லக்கூடாது என்று, எஸ்டேட் தச்சரிடம் உளியும் இழைப்புளியும் இரவல் வாங்கினீர்கள். ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிவிட்டு வந்த பகலெல்லாம் உட்கார்ந்து ஒரு கதவை வழவழப்பாக்கினீர்கள். இன்னொன்றைத் தொடுவதற்குள் கல்யாண நாள் வந்துவிட்டது.

சீர் இறங்கியதும் என் மாமியார் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "என்ன தம்பி, தச்சன் பாதியிலயே ஓடிட்டானா?" கூடமே சிரித்தது. நான் என்ன செய்தேன்? உங்களைப் பார்த்து, "இத கொண்டு வராமலே இருந்திருக்கலாம் அண்ணே" என்றேன். நீங்களும் சிரித்தீர்கள். உங்கள் உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. பார்த்தேன். என்னவென்று கேட்கவில்லை. கடைசிவரை கேட்கவே இல்லை.

போன வாரம் பழைய சாமான் வாங்கும் சீனக் கடை முதலாளி வந்தார். தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். தமிழ் நன்றாகவே பேசுவார். கரடுமுரடான கதவைத் தடவித் தடவிப் பார்த்தார். திவ்யா என் காதில், "பாட்டி, இதுக்குப் புருட்டலிஸ்ட்னு பேரு. முரடா இருக்கிறதுதான் அழகே. ஆளுங்க தேடி அலையுறாங்க" என்றாள். வெட்கப்பட்டு இத்தனை வருஷமாக நான் காலண்டர் மாட்டி மறைத்த கதவு அது!

பிறகு அடுத்த கதவைப் பார்த்தார். "சாயாங்லா ஆண்டி, வீணாப்போச்சே! யாரு இத இப்படிக் கெடுத்தது?" என்று உச்சுக் கொட்டினார். "பரவால்ல, புதுசா கட்டை ஒட்டி ரெண்டையும் ஒண்ணா ஆக்கிருவேன்."

யார் கேட்டாலும் 'வரும்போதே அப்படித்தான்' என்று சொல்லிப் பழகிய வாய் இது. அன்று மட்டும், "எங்கண்ணே செஞ்சாரு. அதுல கை வைக்காத தவுக்கே" என்றது.

"பாட்டி, ரெண்டும் ஒரே மாதிரி இருந்தாதானே..." என்று திவ்யா இழுத்தாள்.

"அப்ப அந்தக் கதவ மட்டும் கழட்டிக் குடுக்கச் சொல்லு. மிச்சத்த எடுத்துட்டுப் போவட்டும்."

தவுக்கே என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். "கெட்டுப்போன கதவ வச்சுக்கிட்டு என்னா செய்யப் போற ஆண்டி?"

"அது எங்க வீட்டு விஷயம்லா."

அலமாரி போய்விட்டது. அது நின்ற இடத்தில் மட்டும் சுவர்ச் சாயம் மங்காமல் பளிச்சென்று இருக்கிறது. கதவு என் கட்டில் ஓரமாகச் சாய்ந்து நிற்கிறது. பிடிக்குக் கீழே உங்கள் உளி வழுக்கிய ஒரு பள்ளம். என் கட்டைவிரல் அதில் சரியாக உட்காருகிறது. இங்கேதான் கையைக் கிழித்துக்கொண்டீர்களா அண்ணே? ரொம்ப வலித்ததா?

அடுத்த மாதம் இந்தக் கதவும் நானும் பதினெட்டாவது மாடிக்குப் போகிறோம். அந்த உயரத்தில் எனக்கு யாரைத் தெரியும்? கதவுக்கு நான்கு கால் வைத்து மேசையாக்கித் தருகிறேன் என்கிறாள் திவ்யா. செய்யட்டும். அதன்மேல் துணி விரிக்க மட்டும் விடமாட்டேன். யார் வந்து தொட்டாலும், எங்கள் அண்ணன் இழைத்தது என்று நானே முந்திக்கொண்டு சொல்லுவேன். இது சத்தியம்.

இப்போதுதான் உங்கள் சீரை வாங்கிக்கொண்ட தங்கச்சி,
பாப்பா