அம்மை எனக் கருதப்பட்ட செயற்கை நக ஒவ்வாமை

அனுப்புநர்
ஒ. சொர்ணலதா, பி.எஸ்சி.,
த/பெ ஒச்சாண்டி,
மேற்குத் தெரு, ஓடைப்பட்டி,
தேனி மாவட்டம்.

பெறுநர்
மருந்துகள் ஆய்வாளர் அவர்கள்,
தேனி.

பொருள்: செயற்கை நகம் ஒட்டும் பசையால் தோல் ஒவ்வாமை – பசையை ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த வைகாசியில் எனக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. திராட்சைத் தோட்ட வேலையில் நகங்கள் கறுத்திருந்ததால், எங்கள் ஊரில் அழகு நிலையம் நடத்தும் திருமதி லத்திபாவிடம் செயற்கை நகங்கள் ஒட்டிக்கொண்டேன். புகைப்படங்களில் கைகள் அழகாகவே உள்ளன.

2. சில நாட்களில் விரல் நுனிகள் அரித்துக் கொப்பளித்தன. பின்பு இமைகளும் கழுத்தும் வீங்கிப் புள்ளிகள் எழும்பின. என் தாயார் அம்மை என்று முடிவு செய்து வாசலில் வேப்பிலை செருகினார். ஜவுளி எடுக்க எங்களை அழைத்துப்போக வந்த மாப்பிள்ளை வீட்டார் அதைக் கண்டு, தெருவிலிருந்தே கும்பிட்டுத் திரும்பினர்.

3. அம்மை கண்டவர் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை நகம் களையக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆகவே நோய்க்குக் காரணமான நகங்கள் என் விரல்களிலேயே பத்திரமாக இருந்தன. அவற்றால் இமையைத் தேய்க்கத் தேய்க்க வீக்கம் கூடியது.

4. விரல் படாத இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை என்பதைக் கவனித்தேன். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாததால் தயங்கித்தான் சொன்னேன். “ஆத்தா எங்கன வேணாலும் எறங்குவா. காலேசுல படிச்சத அவகிட்ட காட்டாத” என்றார் தாயார். மறுநாள் கண் திறக்க முடியாமல் போனதும் அவரே என்னைப் பேருந்தில் அழைத்துச் சென்றார். தோல் மருத்துவர் நகங்களைப் பக்குவமாக அகற்றச் செய்து, பசை ஒவ்வாமை என்றார். இப்போது பூரண நலம். ஜவுளியும் எடுத்தாயிற்று, ஆவணியில் திருமணம்.

5. லத்திபா அவர்களிடம் இதைத் தெரிவிக்கச் சென்றபோது, அவருடைய விரல் நுனிகளும் வெடித்திருந்தன. “பாத்திரம் வெளக்குற சோப்புன்னுல்ல நெனச்சேன்” என்றார். பசைக் குப்பியில் தயாரிப்பாளர் பெயர், சேர்மானம், காலாவதித் தேதி எதுவும் இல்லை. அவர் அன்றே அதை நிறுத்திவிட்டார். வண்டியில் கொண்டுவந்து விற்பவர் நிறுத்தவில்லை. ஆவணி முகூர்த்தங்களுக்காகச் சின்னமனூர், கம்பம் கடைகளுக்கும் கொடுத்து வருவதாக அறிகிறேன்.

எனவே, இணைத்துள்ள குப்பியை ஆய்வுக்கு உட்படுத்தி, முகூர்த்தங்களுக்கு முன்பே அதன் விற்பனையைத் தடுக்க வேண்டுகிறேன். அரித்தால் உடனே நகத்தை அகற்ற வேண்டும், அம்மை போலத் தோன்றினாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்ற அறிவிப்பை அழகு நிலையங்களில் வைக்கச் செய்யவும் கேட்டுக்கொள்கிறேன்.

லத்திபா அவர்கள் மீது எனக்குப் புகார் இல்லை. குப்பியை என்னிடம் ஒப்படைத்தவரும் அவரே. தங்கள் விசாரணையால் அவர் கடைக்குப் பாதிப்பு வராமல் பார்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். என் திருமணத்துக்கு மருதாணி இட அவரையே அழைத்திருக்கிறேன்.

தங்கள் ஆய்வை எதிர்நோக்கும்,
ஒ. சொர்ணலதா

இடம்: ஓடைப்பட்டி
நாள்: 14.07.2025