குதிரை படுத்துத் தூங்கிய நாள்

என் ஆசை அக்காவுக்கு,

ஜெயித்துவிட்டேன்! பாயில் படுத்தபடி எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. நேற்று ராத்திரி உன் மகள் ஜெனி படுத்துத் தூங்கினாள்.

அவளைத் தூங்கவைக்க நீ தினமும் ஒவ்வொரு பிராணியாகப் படுக்கப்போடுவாயே, நினைவிருக்கிறதா? அணில் சில்வர் ஓக் மரத்துக் கூட்டில், வௌவால் பலாமரத்தில் தலைகீழாக, குதிரை மட்டும் நின்றபடியே. உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்ததைப் பார்த்த பிறகு அந்தக் குதிரையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"படுத்தா எந்திரிக்க முடியாதுங்க சித்தி. நான் குதிரை" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்பாள். கண் சொருகிச் சரிந்தால் தாங்கிப் பிடிப்பேன். பாயில் போட்டால் அலறி எழுந்துவிடுவாள். நாலு வயதுப் பிள்ளை துரும்பாக இளைத்துவிட்டாள். கெஞ்சினேன், மிரட்டினேன், மிட்டாய் காட்டினேன். உன் பிடிவாதம் எங்கே போகும்?

நேற்று சர்ச்சிலிருந்து வரும்போது, ஏரிக்கரைப் புல்லில் சவாரிக் குதிரை ஒன்று காலை நீட்டிப் படுத்துக் கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று நின்றது. ஜெனி அப்படியே நின்றுவிட்டாள்.

"செத்துப்போச்சுங்களா சித்தி?"

வீட்டுக்குப் போகலாம் வா என்றேன். இழுத்தும் அவள் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் படுத்திருந்த குதிரை காதை ஆட்டியது, எழுந்து உடம்பை உதறியது. உடனே, நின்றுகொண்டிருந்த மற்றது படுத்துக்கொண்டது! நான் சொல்லிக்கொடுக்கவில்லை அக்கா, அவளே சொன்னாள்: "ஒண்ணு காவலுக்கு நின்னா இன்னொண்ணு படுத்துக்குதுங்க."

ராத்திரி அவளே பாயை விரித்தாள். "நீங்க குதிரையாட்டம் நில்லுங்க சித்தி. உக்காரக் கூடாதுங்க."

நின்றேன். படுத்தாள். ஒரு கண்ணைத் திறந்து நான் நிற்கிறேனா என்று பார்த்தாள், அப்புறம் தூங்கிவிட்டாள். வாயைப் பிளந்து, குறட்டையோடு, அச்சு அசல் நீயேதான். சந்தோஷத்தில் கூவ வேண்டும் போலிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாதவள் என்று என்னைத் திட்டுவாயே, நேற்று வந்து பார்த்திருக்க வேண்டும். நான் உட்கார்ந்திருந்தால் அவளுக்குத் தெரியவா போகிறது? ஆனாலும் உட்காரவில்லை. பொழுது வெளுக்கும்போது கால் இரண்டும் வீங்கியிருந்தன.

கண் விழித்ததும் துள்ளி எழுந்தாள். "எந்திரிச்சுட்டேனுங்க சித்தி! நொம்ப நேரம் தூங்கிட்டேனுங்களா? இப்ப நீங்க படுங்க, நான் நிக்கறேன்."

இதோ, தலைமாட்டில் வாசலைப் பார்த்தபடி நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறாள். நான் எழுதுவது தெரிந்தால், தூங்கவில்லை என்று அதட்டுவாள்.

அவள் பயம் தெளியும்வரை, எத்தனை ராத்திரியானாலும் நான் நிற்பேன் அக்கா. நீ நிம்மதியாகப் படுத்திரு.

ஜெனியின் காவல் குதிரை,
உன் தங்கை