சுடாத கை

என் அருமை நைனா,

மெட்ராஸில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. சமூக சேவைப் படிப்பு. "சேவை செய்றதுக்கெல்லாம் படிப்பா? காலேஜுக்குப் போயி கூழு ஊத்தக் கத்துக்கப் போறியா?" என்று அம்மா கேட்டாள். நீ இருந்திருந்தால் இதைச் சொல்லியே அடி அண்ணாமலை ஊர் முழுக்கச் சிரிக்க வைத்திருப்பாய். வரும் திங்கட்கிழமை கல்லூரி திறக்கிறார்கள். எனக்குச் சந்தோஷமாக இல்லை நைனா. பயமாக இருக்கிறது.

படிப்பில் சேரும் முன் ஏழைபாழைகளோடு கொஞ்ச காலம் வேலை செய்துவிட்டு வரச் சொன்னார்கள். டவுனில் பெருவியாதிக்கு, அதுதான் தொழுநோய்க்கு, வைத்தியம் பார்க்கும் இடத்தில் போய்ச் சேர்ந்தேன். கட்டுத்துணி துவைப்பது, பேர் எழுதுவது, வந்தவர்களின் கதையைக் கேட்பது. அங்கே டாக்டரம்மா நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, கோழி இறகால் கையைத் தடவுவார். எங்கே தொட்டார் என்று நோயாளி காட்ட வேண்டும். நோய் முற்றிய கை என்றால் காட்ட முடியாது. தோல் மரத்துப் போயிருக்கும்.

ஒருநாள் சமையல்காரர் ஒருவர் வந்தார். கொதிக்கிற அண்டாவை வெறுங்கையால் இறக்கியிருக்கிறார். கை முழுக்கக் கொப்புளம். "வலிக்கவே இல்லீங்கம்மா. அதான் தெரியாம போச்சு" என்றார். எனக்கு அங்கேயே உன் கை ஞாபகம் வந்தது.

நம் மாரியம்மன் கோயிலில் ஆடி வெள்ளிதோறும் உள்ளங்கையில் சூடம் ஏற்றி ஆத்தாளுக்குக் காட்டுவாய். எரிந்து அணைகிற வரைக்கும் கை அசையாது. "பூசாரி கையில ஆத்தாவே எறங்கிட்டா" என்று கீழ்பென்னாத்தூரிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து உன் காலில் விழுந்தார்கள். முழங்கையில் இருந்த வெளுத்த தேமலை அம்மன் போட்ட முத்திரை என்றார்கள். கைப்புண் புரையோடி, ஜன்னி கண்டு நீ போனபோதும் ஆத்தா அழைத்துக்கொண்டாள் என்றுதான் பேசிக்கொண்டார்கள். நானும் நம்பினேன்.

உனக்குத் தெரிந்திருந்ததா நைனா? மலை சுற்றும் பாதையில் விரல் போனவர்களுக்கு எட்டி நின்று பிரசாதம் போடுவாயே, அப்போதாவது ஏதாவது தோன்றியதா?

இப்போது உன் இடத்தில் அண்ணன். போன வெள்ளிக்கிழமை அவன் கையில் சூடம் எரிந்ததைப் பார்த்தேன். முகம் சுளிக்கவில்லை. ஜனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. முன்னால் நின்ற எனக்குத் தோல் கருகும் வாடை வந்தது.

மறுநாள் காலை அவனைக் கிணற்றடியில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். இறகால் தடவினேன். உள்ளங்கை, விரல்கள், மணிக்கட்டு.

"எவ்ளோ நேரம் கண்ண மூடிக்கினு குந்தியிருக்கிறது? தொடறதுனா சீக்கிரம் தொடு" என்றான், சிரித்துக்கொண்டே.

அம்மாவிடம் சொன்னேன். அடுப்பைவிட்டுத் திரும்பாமலே, "வாயக் கழுவு. அது ஆத்தா குடுத்த வரம். வெளிய தெரிஞ்சா பங்காளிங்க நம்மள ஊர விட்டே தொரத்திடுவாங்க" என்றாள். வரம் வெளியே தெரிந்தால் யார் துரத்துவார்கள் நைனா? அம்மாவுக்கு எத்தனை நாளாகத் தெரியும்?

இந்த வெள்ளி ஆடியின் கடைசி வெள்ளி. அண்ணன் தீச்சட்டியை வெறுங்கையால் ஏந்தி ஊரைச் சுற்றி வரப்போகிறான் என்று தண்டோரா போட்டாயிற்று. இதை எழுதும்போது வாசலில் பம்பைக்காரர்கள் ஒத்திகைக்காக மேளத் தோலை அனலில் காட்டி முறுக்கேற்றிக்கொண்டிருக்கிறார்கள். "நைனா சூடந்தான் ஏந்துனாரு. நான் சட்டியே ஏந்தறேன் பாரு" என்று அண்ணனுக்கு ஒரே பெருமை.

இப்போது மாத்திரை வந்துவிட்டது. காலத்தோடு சாப்பிட்டால் நோய் நிற்கும், விரல் தப்பும் என்கிறார் டாக்டரம்மா. நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவனை அங்கே அழைத்துப் போகிறேன். பூஜைச் சாமான் வாங்க என்று சொல்லி வைத்திருக்கிறேன். பாதியில் தெரிந்து திரும்பிவிட்டானானால், வெள்ளிக்கிழமை கூட்டத்தின் நடுவில் நின்று உண்மையைச் சொல்வேன். கோயில் கைவிட்டுப் போகலாம். அண்ணன் என் முகத்தில் விழிக்காமலே இருந்துவிடலாம். திங்கட்கிழமை நான் மெட்ராஸ் போகாமலும் போகலாம். ஆத்தாளுக்குக் கோபம் வந்தால் என் மேல் வரட்டும்.

ஊர் உன்னைக் கும்பிட்டுக் கும்பிட்டே சாகவிட்டது நைனா. அண்ணனை நான் விடமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கடைக்குட்டி மகள்,
வள்ளி