அப்பா போடாத ஊசி

அன்பு மகனுக்கு,

பங்களாத் தோட்டத்தில் இந்த வருடமும் ரோஜா சரியில்லை. அடைமழையில் மொட்டெல்லாம் விரியாமலே அழுகுகின்றன. அப்பாவின் வேலையை இப்போது நான்தான் பார்க்கிறேன்.

அப்பா ஏன் ஊசி போடவில்லை என்று கட்டாரிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாய். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மண்வெட்டி அப்பாவின் காலைக் கிழித்த அன்றே, புண்ணில் ஏற்பு வராமலிருக்க டெட்டனஸ் ஊசி போட்டுவரத் தெஹியோவிட்ட ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். நீ அனுப்பிய வீடியோவைக் காட்டினார். "ஊசி போட்டா நரம்பு செத்துருமாம். எம்புள்ள பொய்யா அனுப்புவான்?" என்றார். மறுவாரம் தாடை இறுகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து உடல்தான் வந்தது.

நல்லதென்று நினைத்துத்தான் அனுப்பினாய், ராசா. யாரிடமும் நான் சொல்லவில்லை.

அடுத்த மாதம் தங்கச்சிக்குப் பள்ளிக்கூடத்தில் ஊசி. அவளும் அதே வீடியோவைக் காட்டி மாட்டேன் என்கிறாள். நீ சொன்னால்தான் கேட்பாள். கூப்பிட்டுப் பேசு.

உன் அம்மா