சடாரிக்குத் தலை குனிந்த வகுளா

சிரஞ்சீவி அச்யுதுக்கு, ஸ்ரீரங்கத்திலிருந்து அப்பா வரது அநேக ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் அம்மாவும் நானும் சௌக்கியம், மெல்போர்னில் நீயும் அப்படியே இருக்கப் பிரார்த்திக்கிறேன். உன் குழந்தை வகுளாவுக்குச் சௌக்கியமில்லை. போனில் சொல்ல நா எழவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கோயிலில் சடாரிக் கிரீடத்தைத் தலையில் சாதிக்கும்போது வகுளா தானாகவே சட்டென்று தலை குனிகிறாள் என்று உன்னிடம் பீற்றிக்கொண்டேனே, நினைவிருக்கிறதா? நாலு வயசில் இப்படியொரு பக்தியா என்று உத்தர வீதியே மூக்கில் விரலை வைத்தது. நான் அத்தோடு விட்டேனா, ஆத்துக்கு யார் வந்தாலும் வெள்ளிக் கிண்ணத்தைக் கவிழ்த்து அவள் தலைக்கு மேலே பிடித்து வேடிக்கை காட்டினேன். எப்போதாவது தலை தொங்கும், எல்லாரும் கைதட்டுவார்கள். உன் ஆத்துக்காரி மேகனா மட்டும் ஆவணியிலிருந்தே, கிண்ணம் இல்லாதப்பவும் தொங்கறது மாமா, சில சமயம் கூப்பிட்டாக் கேக்காம வெறிச்சுப் பார்த்துண்டு நிக்கறா, டாக்டர்ட்ட காட்டலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உனக்கென்ன தெரியும் என்று அவள் வாயை அடைத்தேன். அவள் சும்மா பயப்படுகிறாள், காதில் போட்டுக்கொள்ளாதே என்று உன்னிடமும் சொன்னேன், நீயும் நம்பினாய்.

போன செவ்வாய்க்கிழமை காலை கூடத்தில் நின்ற குழந்தை அப்படியே முகம் குப்புற விழுந்தாள், கைகூட ஊன்றவில்லை. மோவாயில் நாலு தையல். மத்தியானம் தூக்கத்தில் உடம்பு விறைத்தது. நான் பீரோச் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்துவிட்டு, பல்லுக்கு நடுவில் ஸ்பூனை விடப் போனேன். மேகனா என் கையைத் தட்டிவிட்டாள். சாயங்காலமே தில்லைநகர் டாக்டரிடம் போனோம். தலையில் ஒயர் வைத்து எடுத்த படத்தைப் பார்த்து, லெனாக்ஸ் காஸ்டோ என்று பெயர் சொன்னார். தலை தொங்கறது, தடால்னு விழறது, வெறிச்சுப் பார்க்கறது, தூக்கத்துல விறைக்கறது, இது எல்லாமே வலிப்புதான் சார், மருந்துக்கு லேசுல அடங்காது என்றார். எத்தனை மாதமாக என்று கேட்டார். இப்பத்தான், போன வாரத்துலேர்ந்து என்றேன். கூசாமல் சொன்னேனடா. மேகனா தன் போனை அவரிடம் நீட்டினாள். நாற்பத்துமூன்று வீடியோ. எதைத் திறந்தாலும் குழந்தையின் தலை தொங்குகிறது, பின்னால் நான் சிரிக்கிறேன், பாரு பாரு, சேவிக்கறா என்று. சீ, அது என் குரல்.

நேற்று எதிராத்துக் குமுதவல்லி மாமி வந்து, வெளில மூச்சு விடாதேங்கோ, நாளைக்கு வரன் பார்க்கறச்சே கஷ்டம் என்றாள். நாலு வயசுக் குழந்தைக்கு வரன் பேசுகிறாள், கண்றாவி. ஆனால் அதே வாய் குழந்தையைப் பக்தை என்று கொண்டாடியபோது பூரித்துப் போனவன்தானே நான். அவளைத் திட்ட எனக்கு யோக்யதை இல்லை.

மருந்தை மேகனாதான் கொடுக்கிறாள், என்னைத் தொட விடுவதில்லை, அது சரிதான். தலைக்கு ஹெல்மெட் வாங்கியாயிற்று. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து மணி பார்க்கணும், வாயில் எதுவும் வைக்கக் கூடாது, ஐந்து நிமிஷம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி. நீயும் மனப்பாடம் பண்ணிக்கொள். வேளைக்குச் சாப்பிடு. சீக்கிரம் வந்து இரண்டு பேரையும் உன்னோடு அழைத்துப் போ.

வீடியோ எல்லாவற்றையும் உனக்கு அனுப்பச் சொன்னேன். உங்க குரல் கேக்குமே மாமா, அதை எடுத்துட்டு அனுப்பட்டுமா என்று கேட்டாள் மேகனா. வேண்டாம் என்றேன். அதோடேயே கேள்.

பெருமாள் உங்கள் மூவருக்கும் துணையிருக்கட்டும். இது கிடைத்ததும் முதலில் மேகனாவைக் கூப்பிட்டுப் பேசு, என்னை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் அப்பா வரது