கீழ்மடிப்பில் விட்ட துணி

அன்புள்ள பெரியவனுக்கு, கர்த்தர் கிருபையால் நீ சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அந்தச் சொல் மேலேயே இப்போது எனக்குச் சந்தேகம். என் வலது கையில் மாவுக்கட்டு, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். (கைதான் உடைந்தது அண்ணா, வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.)

தனக்கு ஸ்கேன் எடுத்து வந்ததிலிருந்து உன் அப்பா ரொம்ப நல்லவராகிவிட்டார். அதுதான் பயமாக இருக்கிறது. சாப்பாட்டில் உப்பில்லை என்றாலும் குறை சொல்வதில்லை. ரிசல்ட் என்னவென்று கேட்டால், "நம்பிக்கையோட இரு, எல்லாம் சரியாயிடும்" என்கிறார். பாஸ்டர் வந்தாலும் அதையே சொல்கிறார், அதுவும் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து. போனில் நீயும் அதே வார்த்தைகளை அதே வரிசையில் சொன்னாய். மூன்று பேரும் ஒத்திகை பார்த்தீர்களா? நேற்று கடையில், அவருடைய தையல் மெஷினுக்குப் பக்கத்தில், இவளுக்குத் தைத்த பள்ளிப் பாவாடைகளைப் பார்த்தேன். ஒன்றைவிட ஒன்று நீளம். ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறக்கும்போது அளவெடுத்துத்தான் தைப்பார், முன்கூட்டி ஒரு பட்டன் வைக்க மாட்டார். இப்போது இவள் பள்ளி முடிக்கும்வரைக்கும் தைத்து, பிறகு பிரித்துவிட வசதியாகக் கீழ்மடிப்பில் துணியும் விட்டிருக்கிறார். கேட்டால், "துணி மலிவா கிடைச்சுது" என்கிறார். (கடைசிப் பாவாடைக்கு நான் ஒட்டகச்சிவிங்கியாக வேண்டும் அண்ணா.)

எனக்குப் பொய் வேண்டாம் கண்ணு. அப்பா பிழைக்கவேண்டும் என்று தினமும்தான் கேட்கிறேன். ஆனால் என் நம்பிக்கை அதோடு முடிகிற நம்பிக்கை இல்லை. இயேசுவே தோட்டத்தில் வியர்த்து, இந்தப் பாத்திரம் வேண்டாமே என்று கெஞ்சிவிட்டுத்தான் போனார். கல்லறைக்குள் போய்த்தான் எழுந்தார், அதைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. அந்த வழியில் அவரோடு நடக்க எனக்குத் தைரியம் இருக்கிறது. கண்ணைக் கட்டி நடத்தினால்தான் விழுவேன், ஏற்கெனவே ஒரு கை போச்சு. டாக்டர் போனில் உன்னிடம் சொன்னதை அப்படியே எழுது.

வேளைக்குச் சாப்பிடு, சபைக்குப் போகாமல் இருக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் பதிலுக்காகக் காத்திருக்கும் அம்மா

(அண்ணா, நீ பதில் எழுத வேண்டியதில்லை. அப்பா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். உள்ளே வந்து, கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு, "பரவிடுச்சும்மா" என்றார். அம்மா அழுதாள், ரொம்ப நேரம். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இதைச் சொல்லத் தைரியமில்லாமலா இத்தனை பாவாடை? இப்பதான் எதுக்குன்னு தெரிஞ்சு ஜெபம் பண்ண முடியும், உக்காருங்க" என்றாள். அப்பா உட்கார்ந்தார். நானும் உட்காரப் போகிறேன். நீ கிளம்பி வா.)